கெட்ட வார்த்தைக்கும் அகராதியில் பொருள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி நூலகங்களுக்கு வாங்கும் ஆங்கிலம்-தமிழ் அகராதிகளில் ஆபாசச் சொற்களை எடுத்துவிட வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பேரன் கையில் அகராதியைக் கொடுக்கவே கூச்சமாக இருக்கிறது என்கிறார். அந்தக் கூச்சம் எனக்கும் புரிகிறது. ஆனால் முப்பது வருடம் ஆங்கிலப் பாடம் எடுத்தவள் நான். அவர் கேட்பது தவறு என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன மாதம் அவிநாசி போகும் டவுன் பஸ்ஸில் நடந்தது இது. நூறு நாள் வேலை முடிந்து வந்த ஒரு அக்கா, சேலைக்கு மேல் டி-ஷர்ட் போட்டிருந்தார். வெயிலுக்காக எங்கள் பக்கம் அப்படிப் போடுவது வழக்கம்தான். திருப்பூர் எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்ட சட்டைகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். அவர் முதுகில் 'ஃபக்' என்ற ஆங்கிலச் சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. பின்னால் இரண்டு கல்லூரிப் பையன்கள் சிரித்துக்கொண்டே அதைப் போனில் படம் பிடித்தார்கள். அதட்டி நிறுத்தினேன். அக்கா திரும்பிப் பார்த்து, "ஏனுங் டீச்சர், என்னமோ கெட்டதா எழுதியிருக்குதுங்களா?" என்றார். ஆமாம், கெட்ட வார்த்தை என்றேன். "கெட்டதுன்னா எந்த மாதிரிங்க?" எனக்கு வாய் வரவில்லை. அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முதுகில் போர்த்திக்கொண்டார். அவிநாசி வரைக்கும் எடுக்கவே இல்லை.

எனக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாமல் இல்லை. அதன் எடையோடு தமிழில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. 'உடலுறவு' ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் சொல்லும் சொல். 'புணர்ச்சி' என்றால், குறளில் 'புணர்ச்சி மகிழ்தல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இலக்கண வகுப்பில் எழுத்துக்குக்கூடப் புணர்ச்சி உண்டு. சட்டையில் இருந்தது இவை எதுவும் இல்லை. குழாயடிச் சண்டையில் காதில் விழும் ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறதே, அதற்குத்தான் அது சமம். நம் அகராதிகளோ எல்லாவற்றுக்கும் 'உடலுறவு கொள்' என்று ஒரே பொருளைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அல்லது சொல்லையே விட்டுவிடுகின்றன.

வாசகர் கேட்பதை இங்கிலாந்தில் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 1598இல் ஜான் ஃப்ளோரியோ தன் இத்தாலிய-ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லைத் தயங்காமல் போட்டார். 1721இல் நேதன் பெய்லி அதைச் சேர்த்தார், ஆனால் பொருளை மட்டும் லத்தீனில் எழுதினார். லத்தீன் படித்த ஆண்களுக்குப் புரிந்தால் போதும் என்றுதானே அர்த்தம்? 1755இல் சாமுவேல் ஜான்சன் விட்டே விட்டார். 1785இல் ஃபிரான்சிஸ் க்ரோஸ் கொச்சைச் சொற்களுக்கென்றே தொகுத்த அகராதியில், பெண்ணுறுப்பைக் குறிக்கும் சொல்லை நட்சத்திரக் குறி போட்டு மறைத்து, 'அசிங்கமான ஒன்றுக்கு அசிங்கமான பெயர்' என்று பொருள் சொன்னார். சொல்லை மறைத்தவர் பெண் உடம்பின் மேல் இருந்த அருவருப்பை மறைக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் அந்த பஸ்ஸில் வந்த கோபத்துக்குக் குறைந்ததல்ல. 1928இல் முடிந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியிலும் இரண்டு சொற்களும் இல்லை. 1972இல் ராபர்ட் பர்ச்ஃபீல்டு தொகுத்த துணைத் தொகுதியில்தான் வந்தன. இத்தனை காலம் அகராதியில் இல்லாததால் யாராவது அவற்றைப் பேசாமல் விட்டார்களா? சட்டையில் இருந்த சொல், அரசன் கொடுத்த அனுமதிச் சீட்டில் இருந்த வார்த்தைகளின் முதலெழுத்துகள் சேர்ந்து பிறந்தது என்று வாட்ஸ்அப்பில் இன்றும் ஒரு கதை சுற்றுகிறது. முழுப் பொய். அது டச்சு, ஜெர்மன் மொழிகளோடு உறவுள்ள பழைய சொல்.

அப்புறம், பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, எந்த இடத்துச் சொல் என்பதும் தெரிய வேண்டும். பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றை வாங்கிப் போனவள், மறுநாள் முகம் சிவந்து திருப்பிக் கொடுத்தாள். அதில் ஒருவர் பேசும் இடத்தில் 'இஜாகுலேட்டட்' என்று இருக்கிறது. போனில் பார்த்தால் விந்து வெளியேறுவது என்று வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்குச் சட்டென்று வாய்விட்டுக் கூவினார் என்றும் பொருள் என்று சொன்ன பிறகுதான் மூச்சு விட்டாள். ஜேன் ஆஸ்டின் நாவல்களில் 'மேக் லவ்' என்பது ஆசை வார்த்தை பேசுவது, அவ்வளவுதான். இன்றைக்குப் பொருள் வேறு. இன்னொரு பக்கம், 'பிளான் ஸ்க்ரூ அப் ஆயிடுச்சு' என்று ஆபீஸ் மீட்டிங்கில் சாதாரணமாகச் சொல்கிறார்கள். சொதப்பிவிட்டது என்பதற்கு அது கொச்சைச் சொல். இதைவிட நாகரிகமான சொல் இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியது அகராதிதான்.

'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்கிறது தொல்காப்பியம். சபையில் சொல்லக் கூடாததை மறைத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. சரி, ஆனால் எது சபைக்கு ஆகாதது என்று தெரிந்தவரால்தானே மறைத்துச் சொல்ல முடியும்? ஆகவே அகராதி வெளியிடுபவர்களுக்கு என் வேண்டுகோள்: இந்தச் சொற்களைப் போடுங்கள். நேர்ப் பொருளைத் தமிழில் தெளிவாக எழுதுங்கள். வசவா, மருத்துவச் சொல்லா, நண்பர்களுக்குள் மட்டும் சொல்வதா என்று பக்கத்திலேயே குறியுங்கள். உங்கள் இதழின் சொல் பகுதியிலும் இவற்றுக்கு இடம் கொடுக்க வேண்டும். அந்தத் தாத்தாவும் பேரனிடம் இருந்து அகராதியை வாங்கி வைத்துவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும்.

இரண்டு நாள் கழித்து அந்த அக்காவை பஸ் ஸ்டாப்பில் தனியாகப் பார்த்தேன். இந்த முறை தயங்காமல், சமமான தமிழ்ச் சொல்லையே காதோடு சொன்னேன். "இதுங்களா!" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஊட்டுல இன்னும் ரெண்டு சட்டை கெடக்குதுங் டீச்சர். நாளைக்குக் கொண்டாறனுங், அதையும் பாத்துச் சொல்லிருங்" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
திருப்பூர் மாவட்டம்.