பழைய மருந்துகளும் மூளைப் புற்றும்: ஜிப்மருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை இயக்குநர் அவர்களுக்கும் அங்குள்ள புற்றுநோய் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

என் அண்ணன் கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுநோயால், வேறோர் ஊரில் சிகிச்சை பெற்றபின், மறைந்தவர். கதிர்வீச்சுடன் டெமோசோலோமைடு என்னும் புற்றுநோய் மருந்தைச் சேர்க்கும் இன்றைய சிகிச்சைக்கு அடிப்படையான 2005ஆம் ஆண்டு ஆய்விலேயே, நோயாளிகள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகத்தான் உயர்ந்தது.

வேறு நோய்களுக்கான பழைய மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் எண்ணம் இந்தப் போதாமையிலிருந்து பிறந்ததே. ஒரு வழியை அடைத்தால் கட்டி மறுவழியில் வளர்வதால், பல வழிகளையும் ஒருசேர அடைப்பதே நோக்கம். ஜெர்மனியின் உல்ம் நகரில், இரத்த அழுத்தத்துக்கான காப்டோபிரில், பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகோனசோல், மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் உட்பட ஒன்பது மருந்துகளைக் குறைந்த அளவு டெமோசோலோமைடுடன், நோய் திரும்பிய 10 பேருக்குக் கொடுத்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். உடல் தாங்குகிறதா என்று பார்த்த முதற்கட்ட ஆய்வு அது. ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லாததால் பலனுக்குச் சான்றாகாது. அந்த ஒன்பதில் ஒன்றான டைசல்ஃபிராமை (குடியை நிறுத்தத் தரும் இம்மாத்திரை புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்குப் புதிதல்ல) செம்புச் சத்துடன் நார்வேயிலும் ஸ்வீடனிலும் 88 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஆயுள் கூடவில்லை, கடும் பக்கவிளைவுகளே கூடின.

இவ்வளவையும் நான் பிறகே படித்தேன். அண்ணன் உயிரோடிருக்கையில் இட்ராகோனசோலை மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்தவள் நான். திட்டுவார்களோ என்றஞ்சி மருத்துவரிடம் சொல்லவில்லை. அது கல்லீரல் நொதியைத் தடுத்து, மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டை உடலில் தேங்கச் செய்யும்; ஸ்டீராய்டு மிகுந்தால் முகம் உப்பும். அவர் முகம் உப்பியதற்கு நான் கொடுத்த மாத்திரையும் காரணமா என்று இனி யாரும் சொல்ல முடியாது, ஏனெனில் எந்தக் குறிப்பிலும் அது இல்லை.

காப்புரிமை தீர்ந்த மருந்துகளுக்கு நிறுவனங்கள் பெருஞ்செலவில் ஆய்வு நடத்த மாட்டா. அது பொது நிறுவனங்களின் மேல்தான் விழுகிறது. ஆகவே, தகுதியான மருந்துச் சேர்க்கையொன்றைத் தேர்ந்து, ஒப்பீட்டுக் குழுவுடன், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து நடத்துங்கள். தோற்றாலும் முடிவை வெளியிடுங்கள். அதற்குக் காலமாகும். ஆனால் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று புறநோயாளிப் பிரிவில் கோபமின்றிக் கேட்டு எழுதிக்கொள்வதை நாளையே தொடங்கலாம்.

அண்ணனின் மருந்துச் சீட்டுகளும் நான் வாங்கிய தேதிகளும் என்னிடம் உள்ளன. பயன்படுமென்றால் கோரிமேட்டில் உள்ள உங்கள் மருத்துவமனைக்கு எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தங்கை, கடலூர் முதுநகர்