வைப்புத்தொகைக் காப்பீடும் ஒரு சிற்றூர் வங்கியாளரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வங்கி முறிந்தாலும் டெபாசிட் போட்டவருக்குக் குறிப்பிட்ட வரம்புவரை பணம் கிடைக்கச் செய்யும் வைப்புத்தொகைக் காப்பீடு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அமெரிக்காவில் 1933-இல் பிறந்த யோசனை அது என்று தொடங்குகிறது. அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே அதைச் சட்ட வரைவில் சேர்க்கப் போராடிய ஒருவர் இருந்தார்.

ராபர்ட் ஓவன், பின்னாளில் ஒக்லஹோமா மாநிலமான பகுதியில், மஸ்கோகி என்னும் சிற்றூரில் 1890-இல் ஒரு வங்கியைத் தொடங்கி நடத்தியவர். தாய்வழியில் செரோக்கிப் பழங்குடியினர். மக்கள் பதறி வங்கிகளிலிருந்து பணத்தை எடுத்த 1893-இன் நிதிப் பீதியில் அவருடைய வங்கி டெபாசிட்டில் பாதியை இழந்தது. 1907-இல் அம்மாநிலத்தின் முதல் இரு செனட்டர்களில் ஒருவரான அவர், 1913-இல் செனட்டின் வங்கிக் குழுத் தலைவராக இருந்து, அமெரிக்காவின் மத்திய வங்கியை உருவாக்கிய மத்திய ரிசர்வ் சட்டத்தை நிறைவேற்றினார். செனட் வரைவில் இடம்பெற்ற டெபாசிட் உத்தரவாதத்தைக் கீழவை ஏற்காததால், அது மட்டும் விடுபட்டுப்போனது.

அவர் ஏன் அதை விடாமல் கேட்டார் என்பது கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குப் புரியும். நான் சேலத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தபோது, யாரோ கிளப்பிய வதந்தியால் ஒரு திங்கட்கிழமை காலை வாசல்வரை கூட்டம் நின்றது. கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் பெரியவர் ஒருவர், மஞ்சள் பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து நீட்டி, "மக கல்யாணப் பணம் தம்பி, எண்ணிக் குடுத்துரு" என்றார். அவர் விரல்களில் கரி அப்பியிருந்தது. நாங்கள் ரொக்கக் கட்டுகளை எல்லார் கண்ணிலும் படும்படி அடுக்கி வைத்தோம். பிற்பகலுக்குள் பாதிப் பேர் எடுத்த பணத்தையே திரும்பக் கட்டினார்கள். கையிருப்பு இருந்ததால் பிழைத்தோம், அவ்வளவுதான்.

நம் நாட்டில் 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட பிறகே இதற்குச் சட்டம் வந்தது. 1962-இல் ரூ.1,500 என்று தொடங்கிய காப்பீட்டு வரம்பு, 2020 முதல் ரூ.5 லட்சம், அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒருவருக்கு. கட்டுரை இதைச் சரியாகவே சொல்கிறது. சொல்லாமல் விட்டது, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் போடும் டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது என்பதை. வாழப்பாடி, ஓமலூர் பக்கத்து விவசாயிகளும் ஏற்காட்டு மலைக் கிராமத்தாரும் பணம் போட எளிதில் எட்டும் இடம் இச்சங்கங்களே. அடுத்த முறை வரம்பைக் குறிப்பிடும்போது அதனடியில் இந்த ஒரு வரியையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கிக் காசாளர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.