செல்லின் கெடுபிடி

ஆசிரியருக்கு,

செல்லுக்குள் புரதங்கள் மடிந்து உருப்பெறும் இடமான எண்டோபிளாச வலையின் சவ்வில் பதிந்து, பழுதான புரதங்களை அகற்ற உதவும் எச்ஆர்டி1 புரதம் குறித்துத் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை படித்தேன். தவறாக மடிந்த புரதங்கள் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தின் முத்திரையுடன், புரதங்களைச் சிதைக்கும் அமைப்பான புரோட்டியசோமுக்கு அனுப்பப்படுவதை அது தெளிவாக விளக்கியது. ஆனால், இந்தக் கழிவகற்றலை முழு நன்மையாகவே காட்டியது சரியல்ல. நுரையீரலில் கெட்டியான சளி தேங்கும் மரபுநோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளில் பெரும்பாலோரிடம், செல்சவ்வின் வழியே குளோரைடு அயனிகளைக் கடத்தும் சிஎஃப்டிஆர் புரதம் ஓர் அமினோ அமிலத்தை மட்டுமே இழந்திருக்கிறது. செல்சவ்வை எட்டினால் ஓரளவு இயங்கக்கூடிய அதையும் செல்லின் தரக்கட்டுப்பாடு அழித்துவிடுகிறது. கெடுபிடி என்றுதான் சொல்ல வேண்டும்! 2019இல் அமெரிக்கா அனுமதித்த கூட்டு மருந்து, மடிப்பைத் திருத்தி அதைத் தப்பவைக்கிறது.

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். புரதம் உருவாவதைப் படம் வரைந்து விளக்கும் மாணவர்கள், அது அழிவதைக் கேட்டால் விழிக்கிறார்கள். இம்மருந்து செயல்படும் விதத்தைப் படவிளக்கமாக மாணவர் பக்கத்தில் வெளியிடலாம்.

– வாசகர், திருச்சி