எஸ்போவிலிருந்து மாமாவுக்கு

எஸ்போ, பின்லாந்து
16 நவம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல். போனில் நான் பேசுவதில் பாதிதான் உங்களுக்குக் கேட்கிறது என்று அம்மா சொன்னார்கள். பீரங்கிப் பக்கத்திலேயே சர்வீஸ் முழுக்க நின்ற காது, வேறு எப்படி இருக்கும்? அதனால் எழுதிவிடுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

"ஐரோப்பாவில் சண்டை வரப்போகிறது என்று டிவியில் சொல்கிறான், ரஷ்யாக்காரன் பக்கத்திலேயே இருக்கிறான், பேசாமல் குடும்பத்தோடு ஊர் வந்து சேரச் சொல்" என்று சொல்லி அனுப்பினீர்களாம். பக்கத்தில்தான் இருக்கிறான். எல்லை மட்டும் 1,340 கிலோமீட்டர். எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே காரை விட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லைக்குப் போய்விடலாம். ஆனால் இங்கே யாரும் பெட்டி கட்டவில்லை. பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பயத்தை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.

எங்கள் அபார்ட்மென்ட்டுக்குக் கீழே ஒரு பங்கர் இருக்கிறது. நீங்கள் பார்த்த மண்மூட்டை பங்கர் இல்லை. தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, கதவை இறுக்கிப் பூட்ட நீளமான இரண்டு கைப்பிடிகள். உள்ளே சுவரோரம் ஒரு காற்று இயந்திரம். கரன்ட் போய்விட்டால் கையால் சுற்ற வேண்டியதுதான், வடிகட்டிய காற்று உள்ளே வரும். மூலையில் ஒரு மரப்பெட்டியில் கக்கூஸ் வாளிகளும் பைகளும். சமாதானக் காலத்தில் அறையைச் சும்மா போட்டு வைப்பதில்லை. கம்பிவலை அடித்து ஆளுக்கொரு தடுப்பு கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தடுப்பில் கதிரின் பனிச்சறுக்குக் கட்டைகள், காலி சூட்கேஸ்கள், ஊரிலிருந்து சுமந்து வந்து ஒரே மாதத்தில் மோட்டார் எரிந்துபோன கிரைண்டர். உத்தரவு வந்தால் 72 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். (கிரைண்டரை அப்போதாவது தூக்கிப் போடலாம் என்கிறாள் மீனா.)

1,200 சதுர மீட்டருக்கு மேல் வீடு கட்டினால் கட்டுகிறவரே தன் செலவில் இப்படி ஒரு பங்கரும் கட்ட வேண்டும் என்பது சட்டம். நாடு முழுக்க 50,500 பங்கர்கள், 48 லட்சம் பேருக்கு இடம். மொத்த ஜனத்தொகையே 56 லட்சம்தான். ஹெல்சிங்கியில் மெரிஹாகா என்ற இடத்தில் பாறையைக் குடைந்து 6,000 பேருக்கு ஒன்று செய்திருக்கிறார்கள். அங்கே இப்போது குழந்தைகள் விளையாடுமிடம், கார் நிறுத்துமிடம், ஹாக்கி மாதிரி 'சாலிபாண்டி' ஆடும் மைதானம் எல்லாம் இருக்கின்றன. கதிரை ஒருமுறை அங்கே ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். பையன்கள் கத்திக்கொண்டு பந்தை விரட்டுகிறார்கள். நான் கதவின் கனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மதியம் 12 மணிக்கு ஊர் முழுக்கச் சைரன் ஊதிப் பார்ப்பார்கள். வந்த புதிதில் மீனா அலறிப்போனாள். இப்போது சைரன் கேட்டால் குக்கரை அடுப்பில் ஏற்றுகிறாள்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் பழைய அடி. 1939 நவம்பர் 30-ல் சோவியத் படை உள்ளே வந்தது. 105 நாள் சண்டை. நாட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள், ஆனால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு நிலம் போய்விட்டது. போன நிலத்தில் பெரும்பகுதி கிழக்கே உள்ள கரேலியா. அந்தப் பக்கத்திலிருந்து நாலு லட்சம் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு வந்தார்கள். எங்கள் மாடியில் இருக்கும் பாட்டியின் அம்மா அப்படி வந்தவராம். அதனால்தான் 1990-க்குப் பிறகு "இனி ஐரோப்பாவில் சண்டையே கிடையாது" என்று மற்றவர்கள் படையைக் குறைத்தபோது இவர்கள் குறைக்கவில்லை. ஸ்வீடன் 2010-ல் கட்டாயப் பட்டாளத்தை நிறுத்தியது, ஜெர்மனி 2011-ல் நிறுத்தியது. ஸ்வீடன் 2017-லேயே திரும்ப ஆரம்பித்துவிட்டது. ஜெர்மனி இப்போதுதான் எந்த வடிவில் கொண்டுவரலாம் என்று அடித்துக்கொள்கிறது.

எங்கள் டீம் லீடர் போன மாதம் ஒரு வாரம் ஆபீஸுக்கு வரவில்லை. மெயில் அனுப்பினால் "ரிசர்வ் பயிற்சியில் இருக்கிறேன், திங்கட்கிழமை பதில் சொல்கிறேன்" என்று தானாகப் பதில் வந்தது. ரிசர்வ் என்றால் பட்டாளப் பயிற்சி முடித்து வீடு திரும்பி, கூப்பிட்டால் வர வேண்டியவர்கள். வாய் திறந்து நாலு வார்த்தை பேசாத மனிதர், கீபோர்டைத் தவிர எதையும் தொடமாட்டார் என்று நினைத்திருந்தேன். மோர்ட்டார் பிரிவில் சார்ஜன்ட்டாம். திங்கட்கிழமை கைவிரல்களில் சிராய்ப்போடு வந்து உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "மழையா?" என்று ஒருவர் கேட்டார், "மழை" என்றார், அவ்வளவுதான். இப்படி ரிசர்வில் மட்டும் 8 லட்சத்துக்கு மேல் ஆட்கள். யுத்தம் என்று வந்தால் முதலில் 2,80,000 பேர் நிற்பார்கள்.

உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பீரங்கிப் படை பெரியது, மேற்கு ஐரோப்பாவிலேயே பெரியவற்றில் ஒன்று. கொரியாக்காரனின் கே9 தானியங்கிப் பீரங்கியை 2017-லிருந்து வாங்குகிறார்கள். நம் ஊரில் வஜ்ரா என்று பெயர் வைத்து குஜராத்தில் ஹசிராவில் செய்கிறார்களே, அதே குடும்பம். கார்கிலில் நீங்கள் சுட்ட போஃபர்ஸ் பீரங்கி பக்கத்து ஸ்வீடனுடையது. அதே 155 மில்லிமீட்டர் குண்டுக்குத்தான் இந்த மூன்று வருஷமாக ஐரோப்பா தவியாய்த் தவிக்கிறது. 2024 மார்ச்சுக்குள் உக்ரைனுக்குப் பத்து லட்சம் குண்டு தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். கெடு முடிந்தபோது பாதிதான் போயிருந்தது, மீதி அந்த வருஷக் கடைசியில்தான் போய்ச் சேர்ந்தது. பணம் இல்லாமல் இல்லை. பாக்டரி மூடிக் கிடந்தது, ஆள் இல்லை, வெடிமருந்து இல்லை. அந்த மருந்துக்குப் பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு வேண்டும். அதில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. குண்டு இருப்பு பற்றி நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதெல்லாம் இங்கே பெரிய மந்திரிகள் இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்கள்.

இந்த வருஷம் மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய யூனியன்காரர்கள் படைபலத்தைக் கூட்ட 80,000 கோடி யூரோ திட்டம் என்று அறிவித்தார்கள். கேட்கப் பெரிய தொகை. பிரித்துப் பார்த்தால் அதில் 15,000 கோடிதான் சேர்ந்து வாங்கித் தரும் கடன். மீதி, "ஒவ்வொரு நாடும் தன் கணக்கில் கூடுதலாகக் கடன் வாங்கிக்கொள்ளலாம், நாங்கள் கண்டுகொள்ள மாட்டோம்" என்ற அனுமதி. ஜூனில் ஹேக் நகரில் நேட்டோ ராணுவக் கூட்டணிக்காரர்கள் கூடி, 2035-க்குள் நாட்டு வருமானத்தில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவதாக ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்கா முன்போல் வந்து நிற்குமா என்ற சந்தேகம்தான் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறது. இந்த நாட்டு ஜனாதிபதி ஸ்டுப் புளோரிடா வரை போய் டிரம்ப்போடு கோல்ஃப் ஆடிவிட்டு வந்தார். ஐம்பத்தாறு லட்சம் பேரின் பாதுகாப்புக்குக் கோல்ஃப்பும் ஒரு ஆயுதம் போலிருக்கிறது.

பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தது 2023 ஏப்ரல் 4-ல். அதற்குச் சில வருஷம் முன்புவரை வேண்டும் என்றவர்கள் நாலில் ஒருவர்தான். உக்ரைனுக்குள் ரஷ்யா நுழைந்த சில வாரத்தில் அது தலைகீழானது. அப்புறம் கடலுக்கடியில் தொல்லை. போன கிறிஸ்துமஸ் அன்று எஸ்தோனியாவுக்குப் போகும் மின்கேபிள் அறுந்தது. ஈகிள் எஸ் என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தைத் தரையில் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. ஹெலிகாப்டரில் இறங்கிக் கப்பலைப் பிடித்தார்கள். கடைசியில் போன மாதம் கோர்ட், சம்பவம் எங்கள் கடல் எல்லைக்கு வெளியே நடந்தது, விசாரிக்க அதிகாரமில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டது. எங்கள் வீட்டில் அன்றைக்கு விளக்குகூட மினுங்கவில்லை. ஆனாலும் எனக்கு அந்தத் தீர்ப்பு செரிக்கவில்லை.

முந்தைய ஜனாதிபதி நீனிஸ்டோ போன வருஷம் ஐரோப்பா முழுமைக்கும் ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான், எல்லா வீட்டிலும் மூன்று நாளுக்குத் தண்ணீர், சாப்பாடு, மருந்து இருக்கட்டும் என்று ஐரோப்பிய யூனியனே சொன்னது. இங்கே அது பழைய பாடம். எங்கள் அலமாரியிலும் தண்ணீர் கேன், பேட்டரி ரேடியோ, அயோடின் மாத்திரை, கொஞ்சம் ரொக்கம், இரண்டு கிலோ அவல், பொட்டுக்கடலை, அத்தை கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் எல்லாம் இருக்கின்றன. புளிக்காய்ச்சல்தான் தங்குவதில்லை.

எல்லாமே நன்றாக நடக்கிறது என்றும் நினைக்காதீர்கள். ரஷ்ய எல்லைக் கேட்டுகளை 2023 டிசம்பரில் மூடியவர்கள் இன்னும் திறக்கவில்லை. கீழ்வீட்டு ரஷ்யப் பேச்சுக்காரம்மாவின் தங்கை எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அவரைப் பார்க்க எஸ்தோனியாவுக்குக் கப்பலில் போய், அங்கிருந்து ரஷ்யாவுக்குப் போகும் நார்வா பாலத்தை நடந்து கடந்து, சுற்றிக்கொண்டு போகிறார், இந்த வயதில். விற்பனை வரி 25.5 சதவீதம் ஆகிவிட்டது, வேலை போனவர்கள் எங்கள் தமிழ் நண்பர்களிலேயே சிலர். கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்திலிருந்தும் விலகுகிறார்கள், வரும் ஜனவரியில் நடைமுறைக்கு வரும். எல்லைக்காக வேண்டும் என்கிறார்கள். சண்டை முடிந்தபின் புதைத்ததைத் தோண்டி எடுக்கும் வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இத்தனையும் எழுதியது ஒரு விஷயம் கேட்கத்தான். குடியுரிமைக்கு இங்கே எட்டு வருஷம் என்று ஆக்கிவிட்டார்கள், எங்களுக்கு அதுவும் முடிந்துவிட்டது. விண்ணப்பிக்கலாம். எடுத்தால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கதிர். இங்கே குடிமகனாக இருக்கும் ஆண்பிள்ளை பதினெட்டு வயதானால் பட்டாளத்துக்குப் போக வேண்டும். வேலையைப் பொறுத்து 165, 255 அல்லது 347 நாள். துப்பாக்கி தொடமாட்டேன் என்றால் 347 நாள் வேறு சேவை. குடியுரிமை எடுக்காவிட்டால் கூப்பிட மாட்டார்கள். கதிருக்கு இப்போது பதினைந்து நடக்கிறது.

மீனா, "பையனைப் படிக்க வைக்க வந்தோமா, எல்லையில் நிறுத்த வந்தோமா" என்கிறாள். கதிரைக் கேட்டால், "கிளாஸில் எல்லாரும் போறாங்கப்பா, நான் மட்டும் பங்கர்ல உட்கார்ந்துக்கிட்டு அவங்களைக் காவல் காக்கச் சொல்லணுமா?" என்கிறான். அவன் அப்படிப் பேசுவது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, வயிற்றைக் கலக்கவும் செய்கிறது. எனக்கு எடுத்துவிடலாம் என்றுதான் படுகிறது. இந்த நாட்டின் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் பங்கரையும் வாங்கிக்கொண்டு, இந்த ஒன்றை மட்டும் வேண்டாம் என்பது எப்படிச் சரியாகும்?

நீங்கள் பதினெட்டு வயதில் வேலூரில் ஆள் எடுப்பில் ஓடிச் சேர்ந்தபோது தாத்தா மூன்று நாள் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வார்கள். நீங்கள் உங்கள் பையனை அனுப்பவில்லை. ஏன் என்று இதுவரை நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். மூடி மறைக்காமல் எழுதுங்கள், கதிருக்கும் படித்துக் காட்டுவேன். பொங்கலுக்குள் பதில் வந்தால் நல்லது, ஜனவரிக் கடைசியில் விண்ணப்பம் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

காது மெஷினுக்குப் பணம் அம்மா கணக்கில் போட்டிருக்கிறேன். விலை குறைந்ததை வாங்கிவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அத்தைக்கு என் நமஸ்காரம்.

உங்கள் மருமகன்,
சரவணன்