நத்தார் மேடையில் சுதி இறங்குவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழி பிறந்தால் மலையகத்தில் ஒளிவிழாக்களும் கரோல் நிகழ்ச்சிகளும் தொடங்கிவிடும். பித்தளை வாத்தியக் குழு ஊதும் இடங்களில் ஒரே முறைப்பாடுதான்: “பிள்ளைகள் சுதி சேராமல் ஊதுகிறார்கள்.” பெரும்பாலும் பிழை பிள்ளைகளுடையது அல்ல. குளிரையும், பக்கத்தில் வைத்த கீபோர்டையும், வால்வில் (விரலால் அழுத்தும் அடைப்பானில்) விட்ட எண்ணெயையும் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

நுவரெலியாவில் மார்கழி இரவு 10 பாகைக்குக் கீழே போவது புதுமையல்ல. காற்று 20 பாகையிலிருந்து 10 பாகைக்குக் குளிர்ந்தால் ஒலியின் வேகம் செக்கனுக்கு 6 மீற்றர் குறையும். வாத்தியத்துக்குள் இருக்கும் காற்றும் அதே அளவு குளிர்ந்தால், சுரம் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். சிறிய எக்காளம் போன்ற கோர்னெட்டின் குழாய் சுமார் 1.4 மீற்றர் நீளம். அதன் சுருதி ஸ்லைடை (சுருதியைச் சரிசெய்ய நகர்த்தும் குழாய்த் துண்டை) 12 மில்லிமீற்றர் உள்ளே தள்ளினால் ஈடுகட்டலாம். கீழ்க்குரல் ஊதும் பெரிய வாத்தியமான ஈ-பிளாட் பாஸின் குழாயோ ஏறக்குறைய 4 மீற்றர். அதற்கு மூன்றரை சென்ரிமீற்றர் தள்ள வேண்டும். அவ்வளவு இடம் ஸ்லைடில் எங்கே இருக்கிறது? அதோடு, சிறிய கோர்னெட் நாலு மூச்சில் சூடாகிவிடும். பாஸ் குளிர்ந்தே கிடக்கும். அதனால் குழுவுக்குள்ளேயே சுதி இரண்டாகப் பிரிகிறது.

நிகழ்ச்சிக்கு 20 நிமிடம் முன்பாவது வாத்தியங்கள் மண்டபத்துக்குள் வந்துவிட வேண்டும். எல்லோரும் ஊதிச் சூடாக்கிய பின்தான் சுதி பார்க்க வேண்டும், அதுவும் பாஸை ஒட்டி மற்றவர்கள் சேர வேண்டும். கோர்னெட்டின் சுதிக்குப் பாஸை ஏற்ற முடியாது. மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை என்று நீளும்போது வாத்தியத்தை மடியில் சும்மா வைத்திருக்காமல், சத்தம் எழாதபடி வெறும் மூச்சை உள்ளே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீர் திறப்பானைத் திறந்து தேங்கிய ஈரத்தையும் அடிக்கடி வெளியேற்ற வேண்டும். உரைகளைக் குறைப்பது இதைவிட நல்ல மருந்து; அது வாத்தியக்காரர் கையில் இல்லை.

கீபோர்டுக்குக் குளிர் தெரியாது, அது 440 ஹேர்ட்ஸ் என்ற இன்றைய பொதுச் சுருதியிலேயே நிற்கும். ஆனால் அநேகமான கீபோர்டுகளில் சுருதியை மாற்றும் வசதி உண்டு. அதை 435க்கு இறக்கினால் அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். குழு மூச்சுவிட இடம் கிடைக்கும். இன்னொன்று: கீபோர்ட் வாசிப்பவர் எஃப் மேஜரில் பாட்டைத் தொடங்கினால் கோர்னெட்டின் தாளில் அது ஜி மேஜர், நடுக்குரல் ஊதும் டெனர் ஹோர்னின் தாளில் டி மேஜர் என்று எழுதப்பட்டிருக்கும். பாடகர் குழு கடைசி நேரத்தில் “ஒரு கட்டை ஏற்றுங்கள்” என்றால், எழுதி வைத்த தாள் அத்தனையும் வீண்.

இங்கிலாந்திலிருந்து வந்த பழைய வாத்தியங்களில் வேறொரு சிக்கல். அங்குள்ள குழுக்கள் 1960களின் நடுப்பகுதி வரை 452.5 என்ற உயர் சுருதியில் ஊதின. அப்படிப்பட்ட வாத்தியம் இன்றைய சுருதியைவிட அரைச்சுரத்தில் கிட்டத்தட்டப் பாதி ஏறி நிற்கும். ஸ்லைடை முழுக்க வெளியே இழுத்தும் ஒருவர் மட்டும் மேலேயே நின்றால், அவரைத் திட்டுமுன் வாத்தியத்தின் வயதைப் பாருங்கள்.

வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும். நுவரெலியாவில் காலையில் தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. வால்வு பாதியில் நின்று, விரலை எடுத்தாலும் மேலே வராது. தையல் இயந்திர எண்ணெயும் இதற்குத் தடிப்பு. வால்வு எண்ணெய் என்றே விற்பதை வாங்குங்கள். பிஸ்டனை (வால்வுக்குள் ஏறி இறங்கும் உருளையை) வெளியே எடுத்து, பஞ்சு ஒட்டாத பழைய பருத்தித் துணியால் துடைத்து, மூன்று நான்கு துளி விட்டால் போதும். திரும்பப் போடும்போது பிஸ்டனில் உள்ள 1, 2, 3 என்ற எண் அதே எண்ணுள்ள கூட்டுக்குள் போக வேண்டும். மாறினால் காற்றே போகாது. ஸ்லைடுகளுக்கு எண்ணெய் அல்ல, கிரீஸ். இறுகிய மவுத்பீஸுக்குக் குறடு போட்டால் குழாய் முறுகும். அதற்கென்று உள்ள இழுவைக் கருவி ஒன்றைக் குழு வாங்கி வைக்கலாம்.

முழுக் குழுவுக்கு 25 பித்தளை வாத்தியக்காரர் வேண்டும். தாள வாத்தியம் வேறு. இங்கே பத்துப் பேர் சேர்வதே பெரிது. அந்தப் பத்திலும் ஆறேழு பேர் கோர்னெட் கேட்பார்கள், ராகம் அதில் இருப்பதால். நாலு கோர்னெட், இரண்டு டெனர் ஹோர்ன், ஒரு பரிடோன், ஒரு யூஃபோனியம், ஒரு ட்ரொம்போன், ஒரு பாஸ் என்று பிரித்தால் கரோல் கீதத்தின் நான்கு குரல்களும் நிறைந்து கேட்கும். முழுக் குழுவில் வரும் பாஸ் ட்ரொம்போன் என்ற வாத்தியத்தைத் தவிர எல்லோருக்கும் ஒரே ட்ரெபிள் கிளெஃப் (சுரம் எழுதும் முறை), வால்வு வாத்தியங்களில் ஒரே விரல் வைப்பு. ஆகவே கோர்னெட் பழகியவர் பாஸுக்கு மாற வாசிப்பைப் புதிதாகக் கற்கத் தேவையில்லை. உதடும் மூச்சும் பழகச் சில வாரம் போதும்.

ஒளிவிழா நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் பாடசாலைகளிடமும் ஆலயங்களிடமும் கேட்பது ஒன்றுதான்: வாத்தியக் குழுவை முதல் உரைக்கு முன்னால் போடுங்கள், வாசலில் பனியில் நிறுத்தி வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பித்தளை வாத்தியம் பயிற்றுவிப்போர்,
நுவரெலியா