ரைஃபிள் டீமின் அசிஸ்டன்ட் கோச் போகிறார்: கல்லூரி விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் ரைஃபிள் டீம் வைத்து நடத்தும் ஏறக்குறைய 30 கல்லூரிகளின் விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர்கூட இதைப் படிக்கப்போவதில்லை என்று தெரியும். ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டேன், அக்கறைக்கு நன்றி என்று மரியாதையாக இரண்டு வரி வந்தது, அவ்வளவுதான். மனம்விட்டுப் பேசவும் கொஞ்சம் கோபப்படவும் எனக்குத் தமிழ்தான் வசதி. தவிர, பிள்ளையைப் பள்ளி ரைஃபிள் டீமில் சேர்த்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக்குத் துப்பாக்கியா?" என்று ஊரிலிருந்து கேட்கும் பாட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று முழிக்கிற தமிழ்ப் பெற்றோர் சிலராவது படிப்பார்கள்.

என் மகள் ஒரு கல்லூரி ரைஃபிள் டீமில் மூன்றாம் ஆண்டு. எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், அவள் இன்னும் ஒரு வருடம் அங்கே சுட வேண்டியிருக்கிறது. அந்த டீமின் அசிஸ்டன்ட் கோச் வேலையை விடுகிறார். நான்கு வருடம் மாணவியாகச் சுட்டவர், அப்புறம் இரண்டு வருடம் முதுகலை படித்துக்கொண்டே உதவியாளர், அப்புறம் ஆறு வருடம் அசிஸ்டன்ட். இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேரப்போகிறார். அதில் தப்பொன்றும் இல்லை, அவர் வாழ்க்கை. என் சங்கடம் அவர் இடத்துக்கு ஆள் கேட்டு வந்திருக்கும் விளம்பரம். பகுதி நேர வேலை, பத்து மாதம். பட்டம் வேண்டும், கல்லூரி அளவில் சுட்டிருக்க வேண்டும், பயிற்சியாளர் சான்றிதழ் வேண்டும், வேன் ஓட்டத் தெரிய வேண்டும், வார இறுதிகளில் வெளியூர் போக வேண்டும், முதுகலை இருந்தால் நல்லது. சம்பளம் "அனுபவத்துக்கேற்ப". எங்கள் ஊர்க் கல்யாணத் தரகர்கூட இதைவிடத் தெளிவாகப் பேசுவார்.

உங்களில் பலர் ஃபுட்பால், கூடைப்பந்து வழியாக வந்தவர்கள், துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குள் ஒரு முழு நாள் உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஒரு போட்டியில் ஒரு டீமுக்கு ஐந்து பேர் சுடுவார்கள், நான்கு பேரின் மதிப்பெண் சேரும். ஆணும் பெண்ணும் ஒரே டீம், ஒரே கணக்கு. டெக்ஸாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் 2010இல் முழுக்கப் பெண்களாகவே வந்து தேசியக் கோப்பையை எடுத்துப்போனது. ஸ்மால்போரில், அதாவது .22 அங்குலக் குழாய் ரைஃபிளில், மண்டியிட்டு 20, படுத்து 20, நின்று 20 குண்டு. அழுத்தப்பட்ட காற்றால் சுடும் ஏர் ரைஃபிளில் நின்றபடியே 60. இப்படி நான்கு பேர் சேர்ந்து 480 குண்டு, அதிகபட்சம் 4800. கோப்பைக்கு ஆசைப்படுகிற டீம் 4700ஐத் தாண்டியாக வேண்டும். அப்படியென்றால் 480 குண்டில் மொத்தமாக நூறு புள்ளிதான் சிந்தலாம். அந்த ஏர் ரைஃபிள் டார்கெட்டில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர், பேனா முனையால் தொட்டுவைத்த மாதிரி ஒரு பொட்டு, அதைப் பத்து மீட்டரிலிருந்து அடிக்க வேண்டும்.

இந்த நூறு புள்ளியைக் காப்பாற்றுவது பாதிக்குப் பாதி அசிஸ்டன்ட் கோச்சின் வேலை.

தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனம், ஒரே பெட்டி, ஒரே விலைதான், ஆனால் லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண், மாறினால் குண்டு விழும் விதமே மாறிவிடும். ஒரு ரைஃபிளுக்குப் பிடித்த லாட் பக்கத்து ரைஃபிளுக்குப் பிடிக்காது (மாமியார் மருமகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்). போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை விடுதியில் விட்டுவிட்டு ரேஞ்சுக்குப் போயிருந்தேன். அசிஸ்டன்ட் கோச் மட்டும் தனியாக இருந்தார். ரைஃபிளை வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு லாட்டிலிருந்தும் பத்துப் பத்துக் குண்டாகச் சுட்டு, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுந்திருக்கின்றன என்று அளந்து, பெட்டியின் ஓரத்தில் பென்சிலால் மகளின் பெயரின் முதல் எழுத்தையும் ஒரு எண்ணையும் எழுதிக்கொண்டிருந்தார். எட்டு ரைஃபிள், ஏழு லாட். மதியம் கொண்டுபோன தயிர்சாதத்தை அவருக்கும் கொஞ்சம் கொடுத்தேன், ஊறுகாய்தான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டேன், சிரித்தார்.

ஈயம் இன்னொரு விஷயம். உள்ளரங்க ரேஞ்சில் .22 சுட்டால் காற்றிலும் தரையிலும் ஈயத் தூசி படியும். அதை விளக்குமாற்றால் பெருக்கவே கூடாது, தூசி கிளம்பி மூச்சில் போய்விடும். ஈரத் துடைப்பமும் தனி வடிகட்டி வைத்த வேக்குவமும்தான். குண்டு போய் விழும் பின்பக்கத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். எங்கள் ரேஞ்சில் இதைச் செய்வது கட்டடப் பராமரிப்பு ஊழியர்கள் இல்லை, முகமூடி போட்டுக்கொண்டு இவர்தான். வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்த்துக்கொள்கிறார், பகுதி நேர ஊழியருக்குக் கல்லூரி மருத்துவக் காப்பீடு கிடையாது என்பதால் கைக்காசில். அவர் வேலைக்குச் சேர்வதும் காப்பீட்டு நிறுவனத்தில்தான் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

வெளியூர்ப் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. ஒன்று மட்டும். காலை ஐந்தரை மணி, விமான நிலையத்தில் ஏழு துப்பாக்கிப் பெட்டிகள், கவுன்டரில் இருந்த பையன் ஏர் ரைஃபிளின் காற்று சிலிண்டரை வாழ்க்கையிலேயே முதல்முறை பார்க்கிறான். மேலதிகாரியைக் கூப்பிட ஓடுகிறான். தலைமைக் கோச் எட்டாவது நாற்காலியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருக்கிறார். இவர் சிலிண்டரைக் கழற்றி, காலி என்று காட்டி, விதிமுறையின் அச்சுப்பிரதியைப் பையிலிருந்து எடுத்து, குரலை உயர்த்தாமல் நாற்பது நிமிடம் நின்றார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, சுடும்போது கோச்சுக்கு என்ன வேலை என்பீர்கள். முதல் வருடம் என் மகள் ஒரு போட்டியில் பக்கத்து லேன் (அடுத்தவர் சுடும் தடம்) டார்கெட்டில் சுட்டுவிட்டாள். அதற்குக் கிராஸ்ஃபயர் என்று பெயர், மதிப்பெண் பூஜ்யம். அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த மேத்யூ எமன்ஸ் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிக் குண்டை அடுத்தவர் டார்கெட்டில் விட்டு எட்டாம் இடத்துக்குப் போனாரே, அதேதான். மகள் துப்பாக்கியை வைத்துவிட்டு லைனிலிருந்து பின்னால் வந்தாள், உதடு துடிக்கிறது. அசிஸ்டன்ட் கோச் ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினார், "உன் லேன் நம்பரை எனக்குச் சொல்" என்றார், அவள் சொன்னாள், "இன்னொரு தடவை" என்றார், சொன்னாள், "போ" என்றார். மிச்சமிருந்த 11 குண்டில் ஒன்பதுக்கு முழுசாகப் பத்துப் புள்ளி. பார்வையாளர் இருக்கையில் நான்தான் அழுதேன்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். இந்த வேலையிலிருந்து மேலே போக வழி எது? நாடு முழுக்கத் தலைமைக் கோச் நாற்காலி ஏறக்குறைய 30. உட்கார்ந்தவர்கள் சுலபத்தில் எழுந்திருப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, நல்ல கோச் நீண்ட நாள் இருப்பது நல்லதுதான். அந்த நாற்காலிக்குப் போட்டி போடுகிறவர்களோ லேசுப்பட்டவர்கள் இல்லை. 1984இல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய எட் எட்ஸல் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்தார், 1992இல் தங்கம் வாங்கிய லோனி மைலி விமானப்படை அகாடமியில். ஆக, பதக்கம் இல்லாத ஒரு அசிஸ்டன்ட் பத்து வருடம் காத்திருந்தாலும் காத்திருப்பதுதான் மிச்சம். சிலர் ராணுவத் துப்பாக்கிப் பயிற்சிப் பிரிவுக்குப் போகிறார்கள், சிலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தி ஓட்டுகிறார்கள், மற்றவர்கள் இவரைப்போல வேறு துறைக்கு.

2023 ஜூலை வரை "வாலன்டியர் கோச்" என்று ஒரு வகையே அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதியில் இருந்தது: முழு வேலை வாங்கலாம், சம்பளம் கொடுக்கக் கூடாது. பேஸ்பால் கோச்சுகள் வழக்குப் போட்டார்கள், விதியை நீக்கினார்கள். நல்லது. ஆனால் கொடுக்கக் கூடாது என்பது போனதே தவிர, கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. அந்த இடைவெளியில்தான் "பகுதி நேரம், பத்து மாதம்" வந்து உட்கார்ந்திருக்கிறது. டீமுக்குப் புதுப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் வேலை உச்சத்தில் இருப்பதே கோடையில்தான், அந்த இரண்டு மாதத்துக்குத்தான் சம்பளம் இல்லை!

பணம் இல்லை என்பீர்கள். 2025-26 முதல் ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கே நேரடியாக வருமானத்தில் பங்கு கொடுக்கலாம், முதல் வருட உச்சவரம்பே 2 கோடியே 5 லட்சம் டாலர் என்று ஆகிவிட்டது, அதன் பெரும்பகுதி எந்த விளையாட்டுக்குப் போகும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணக்கை நேர்செய்ய முதலில் உங்கள் கண்ணில் படுவது ரைஃபிள் மாதிரி சின்ன டீம்கள்தான். மேற்கு வர்ஜீனியா 2003இல் இதே கணக்குப் போட்டுத்தான் ரைஃபிளை மூடியது. அதற்கு முன்பே 13 தேசியக் கோப்பை வாங்கிய டீம் அது! அடுத்த வருடமே திறக்க வேண்டியதாயிற்று. 2006இல் ஜான் ஹாமண்ட் பொறுப்புக்கு வந்தார், 2009இல் ஒரு கோப்பை, 2013 முதல் 2017 வரை வரிசையாக ஐந்து. அந்த வரிசைக்கு நடுவில் 2016இல், அங்கே முதல் வருடம் முடித்திருந்த ஜின்னி த்ராஷர், பத்தொன்பது வயசு, ரியோ ஒலிம்பிக்கின் முதல் தங்கத்தையே எடுத்தார். இப்படி ஒருவர் ஜெயித்துவிட்டால் கல்லூரிக்காரர்கள் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாசலில் மாட்டுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என் மகள் மாதிரிப் பிள்ளைகள் வருகிறார்கள். படத்துக்குச் சட்டம் போட ஆகிற செலவு தெரியும், பின்னால் நின்றவர்களுக்கு என்ன ஆகிறது என்று கேட்டால் அனுபவத்துக்கேற்ப.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. அந்த விளம்பரத்தைத் திரும்பப் பெற்று, பன்னிரண்டு மாத வேலையாக, காப்பீட்டோடு, சம்பளத்தை எண்ணில் போட்டு மறுபடி வெளியிடுங்கள். ஈயம் துடைப்பதைக் கட்டடப் பராமரிப்பிடம் கொடுங்கள், இல்லையென்றால் அந்த ரத்தப் பரிசோதனைச் செலவையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். தலைமைக் கோச் ஓய்வுபெறும் நாள் நெருங்கினால், அசிஸ்டன்டிடம் அதை ஒரு வருடம் முன்னாலேயே சொல்லுங்கள். வாய்ப்பு உண்டு, இல்லை, எதுவானாலும் சரி. "இணைத் தலைமைப் பயிற்சியாளர்" என்று பட்டத்தை மட்டும் மாற்றி அதே சம்பளத்தைக் கொடுக்கும் வித்தை வேண்டாம், அது இவருக்கு இரண்டு வருடம் முன்பே கிடைத்துவிட்டது.

எங்கள் கல்லூரி இயக்குநருக்கு மட்டும் கடைசியாக ஒன்று. ஜூன் 30 அந்த அசிஸ்டன்ட் கோச்சுக்குக் கடைசி நாள். ரேஞ்ச் சாவி, ஆயுத அறைச் சாவி, தோட்டாக் கணக்கு நோட்டு மூன்றையும் யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டு அவர் உங்கள் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. எனக்குப் பதில் போடாவிட்டால் பரவாயில்லை, அவருக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
லேன் நான்கில் சுடும் பெண்ணின் அம்மா