பச்சை அட்டை நோட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் தம்பி வீட்டாரும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும் என்று மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு அலுவலக அழைப்பு வந்துவிடுகிறது. எனக்கும் சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. ஆகையால் பழைய வழக்கப்படி தாளெடுத்து எழுதுகிறேன். பேத்தி தூங்கிய பிறகு, உட்கார்ந்து படி.

சித்திரைத் திருவிழாவுக்கு நீ வரவில்லை. விடுப்பு கிடைக்கவில்லை என்றாய், சரி என்றேன். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று உன் பங்குக்கும் சேர்த்துச் செம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றிக் கும்பிட்டேன். அதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் படத்தை உனக்கு அனுப்பினேன். கீழக்குயில்குடி சமணர் மலையில், பேச்சிப்பள்ளத்துப் பாறையின் முன் உட்கார்ந்து நான் எழுத்தைக் காட்டுவதுபோல் எதிர்வீட்டு அக்கா எடுத்த படம் அது. நீ பார்த்துவிட்டாய் என்பதற்கு நீலக் குறி இரண்டும் வந்தன. இரண்டு நாள் கழித்து, "பார்த்து இரு" என்று இரண்டு சொற்கள் வந்தன. அதன்பின் 37 நாட்களாக நான் எது அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் மட்டுமே வருகிறது. நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை; காலண்டரில் பால் கணக்குக் குறிக்கும்போது கண்ணில் படுகிறது.

பேத்தியின் பிறந்தநாள் படத்தில் நீ மிகவும் மெலிந்து தெரிகிறாய். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு, தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படியில் நின்றபடி சாப்பிடாதே. வெள்ளிக்கிழமைகளிலாவது தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி.

என் முட்டியை நினைத்துத்தான் பயப்படுகிறாயோ என்று முதலில் எண்ணினேன். பயப்பட ஒன்றுமில்லை. பேச்சிப்பள்ளத்துக்குப் பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கிறது. காலில் ஷூ போட்டுத்தான் ஏறுகிறேன். வாழ்க்கையில் முதன்முறையாக 62 வயதில் எனக்கென்று ஷூ வாங்கப் போனபோது, கடைக்காரப் பையன், "பேரனுக்கு என்ன அளவும்மா?" என்று கேட்டான். எனக்குத்தான் என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் முக்காலியைப் போட்டு, குனிந்து என் காலை அளந்தான். ஒருவர் என் பாதத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்பதால் எனக்குக் கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை போகிறோம். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் பழைய கல்வெட்டு எழுத்துகளைப் படிக்கச் சொல்லித்தருகிறார். பதினைந்து பேரில் பெண்கள் ஆறு பேர், அதில் நான்கு பேர் என் வயதுக்காரர்கள். பெரியார் நிலையத்திலிருந்து நாகமலைப் புதுக்கோட்டை வரை டவுன் பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை அல்லவா? அதைச் சிறிய விஷயமென்று நினைக்காதே. பஸ்ஸுக்குக் காசு வேண்டும் என்று கேட்டால் எங்கே, எதற்கு, எப்போது வருவாய் என்று மூன்று கேள்விகள் வரும். இப்போது நான் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை, ஏறி உட்கார்ந்துகொள்கிறேன்.

உறவுக்காரர்கள் பேசுவது உன் காதுக்கு வந்து நீ சங்கடப்படுகிறாயோ என்றும் நினைத்தேன். செல்லூர் அத்தை, "அண்ணன் போய் மூன்று வருஷம் ஆகவில்லை, அண்ணி மலை மலையாய்ச் சுற்றுகிறாள்" என்று சொன்னது எனக்கும் தெரியும். எனக்கு வருத்தமில்லை. புதுக்கோட்டைச் சித்தி உனக்கு நினைவிருக்கும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தபோது, நாற்பதைத் தாண்டிய சித்தி மண் ரோட்டில் விழுந்து விழுந்து ஓட்டப் பழகினாள். முழங்காலெல்லாம் சிராய்ப்போடு நம் வீட்டுக்கு வந்தபோது, "இந்த வயதில் உனக்கு எதற்கு இது?" என்று கேட்டுச் சிரித்தவள் நான்தான். சித்தி பதில் சொல்லாமல் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். அந்தக் கை அசைவு இப்போது அடிக்கடி என் நினைவுக்கு வருகிறது.

கோடை விடுமுறையில் பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் வரச் சொன்னாய். பத்து நாள்தான் வருவேன் என்றேன். அதுவும் உன் மனத்தில் இருக்கலாம். பேத்தி மீது எனக்குப் பாசம் குறைவு என்று நீ நினைத்தால் அது அநியாயம். அவள் பிறந்தபோது எட்டு மாதம் உன்னோடு இருந்தேன். ஒரு நாளாவது முகம் சுளித்தேனா என்று மாப்பிள்ளையையே கேட்டுப்பார். ஒரு குழுவையே நடத்தி, சொந்த உழைப்பில் வீடும் வாங்கிய மகளைப் பெற்றவள் என்று இந்தத் தெருவில் தலைநிமிர்ந்துதான் நடக்கிறேன். ஆனால் அந்த மகள் தாயிடம் ஐந்து நிமிடம் பேச மாட்டேன் என்கிறாள் என்பதை யாரிடம் சொல்வது?

பேச்சிப்பள்ளத்தில் பாறையோடு வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கி, அடியில் செய்வித்தவர்களின் பெயர்களை வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்து. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. பகரமும் வகரமும் ஒன்றுபோலவே வளைந்து கண்ணைக் கட்டும். உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் பாறைதான். காலை இளவெயில் சாய்வாக விழும்போதோ, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலோ பள்ளத்தில் நிழல் இறங்கி எழுத்து எழுந்து வரும். முதல் இரண்டு மாதம் எனக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. மூன்றாம் மாதம் ஆசிரியர் மற்றவர்களோடு அப்பால் போயிருந்த நேரத்தில், விரலைக் கல்லில் படாமல் காற்றில் ஓட்டிக்கொண்டே, யாரும் சொல்லித்தராமல் நானாக ஒரு சொல்லைப் படித்துவிட்டேன். அது 'தாயார்' என்ற சொல்.

"ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி" என்பது அந்த வரி. அச்சணந்தி என்ற துறவியின் பெயர் யானைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி என்று நம் பக்கத்து மலைகளில் எல்லாம் இருக்கிறது. இங்கே அவரைப் பெற்றவளின் பெயரும் இருக்கிறது. பிள்ளை துறவு பூண்டு மலை மலையாகப் போனபோது, அந்தத் தாய் அவனைத் தடுத்து அழுதாளோ, அனுப்பிவைத்தாளோ, கல்லில் அதெல்லாம் இல்லை. அவன் போன வழியிலேயே வந்து அவளும் ஒரு திருமேனி செய்வித்திருக்கிறாள், அவ்வளவுதான் இருக்கிறது. நான் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். களைத்துவிட்டேன் என்று நினைத்து அக்கா தண்ணீர் கொடுத்தார்.

கண்ணு, நீ ஏன் பேசவில்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும். முட்டி, அத்தை, விடுமுறை என்று இவ்வளவு தூரம் எழுதியது அதைத் தள்ளிப்போடத்தான்.

2006இல் நீ பட்டப்படிப்பு முடித்த கையோடு, தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டும் தொல்லியலும் படிக்க வேண்டும் என்று விண்ணப்பத்தை நிரப்பி என் கையில் கொடுத்தாய். அப்பாவிடம் நீயே கேட்கப் பயந்து, என்னைக் கேட்கச் சொன்னாய். மறுநாள் காலை நீ பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, "அப்பா ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொன்னேன். நீ மறுபேச்சுப் பேசவில்லை. எம்.சி.ஏ. சேர்ந்தாய், வேலைக்குப் போனாய், எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தாய், அப்பாவிடம் மட்டும் அன்றிலிருந்து ஒரு சொல் குறைத்தே பேசினாய்.

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவு கடை அடைத்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன். "போகட்டும், ரெண்டு வருஷம்தானே. கேட்டதே இல்லையே அவ" என்று சொல்லிவிட்டு, கடைக் கணக்கு நோட்டுக்குள் உன் கட்டணத்துக்கென்று மூவாயிரம் ரூபாயையும் வைத்தார். வேண்டாம் என்று முடிவு செய்தவள் நான். கல்லைத் தடவிக்கொண்டு மலையும் குகையுமாகத் திரியும் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று இரவு முழுவதும் தூங்காமல் யோசித்து, விடியும்போது அவர் பெயரைச் சொல்லிவிட்டேன். அவருக்கு அது அன்று மாலையே தெரிந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. "நீ சொல்லிட்ட. இப்ப நான் மாத்திச் சொன்னா, பிள்ளை உன்னை நம்பாது" என்றார். உன் கோபத்தைப் பதினாறு வருஷம் தன் தலையில் சுமந்தார். கடைசியில் ஆஸ்பத்திரியில் நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கேட்க வந்து, கேட்காமல் எழுந்து போனாய் அல்லவா? அப்போதும் அவர் என்னைத்தான் பார்த்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவருடைய வருஷாப்திகம் முடிந்து பரணைச் சுத்தம் செய்தபோது டிரங்குப் பெட்டியில் உன் பச்சை அட்டை நோட்டு கிடைத்தது. பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்துவைத்தேன். என்னவென்று புரட்டிப் பார்த்தால், இடப்பக்கம் நம் எழுத்து, வலப்பக்கம் வளைந்து வளைந்து வேறொரு எழுத்து, அகரம் முதல் னகரம் வரை நீ பச்சை மையில் எழுதிவைத்திருக்கிறாய். அந்த நாளில் நீ கோலத்துக்குப் படம் வரைந்து பழகுகிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். என்னோடு ஒரே வீட்டில் இருபது வருஷம் இருந்த பிள்ளை இரவில் விழித்திருந்து என்ன எழுதிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று மாலை விளக்கைப் போட்டுக்கொண்டு உன் பெயரை அந்த எழுத்தில் எழுதிப் பார்த்தேன். பிறகு அப்பா பெயர். பிறகு என் பெயர். இப்படித்தான் ஆரம்பித்தது. என் முதல் பாடப்புத்தகம் உன் நோட்டுதான்.

உன்னைத் தடுத்துவிட்டு, அதே மலையில் நான் போய் உட்கார்ந்து படம் எடுத்து உனக்கே அனுப்பியிருக்கிறேன். அனுப்பும்போது நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் நினைத்தேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. நீ கேட்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். நீ கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை.

இதற்குப் பிராயச்சித்தமாக மலைக்குப் போவதை நிறுத்திவிடுகிறேன் என்று எழுத ஒரு வரி வந்தது, எழுதவில்லை. அது இன்னொரு பொய்யாகிவிடும். நிறுத்த என்னால் முடியாது. சென்ற மாதம் ஒரு பயிற்சியில் மைப்படி எடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கல்லைத் துப்புரவாக்கி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்துத் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மையை ஒற்றினால், கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் பிரிந்து வருகிறது. தாளை உரித்துத் தூக்கியபோது என் கை நடுங்கியது. உன் இப்போதைய வயதை நான் எட்டிய நாள் முதல் எனக்கென்று ஒன்றும் வேண்டியிருந்ததாக எனக்கு நினைவில்லை. இது வேண்டியிருக்கிறது. உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதில்தான் எனக்கு இந்த மகிழ்ச்சி கிடைத்திருக்கிறது என்பதையும் தெரிந்தேதான் போய்வருகிறேன்.

நீ என் மேல் கோபப்படு, அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. அப்பா மேல் மட்டும் வேண்டாம். அவர் திதிக்கு வரும்போது அவர் படத்தின் முன் கொஞ்ச நேரம் உட்கார். நானும் தம்பியும் வெளியே போய்விடுகிறோம்.

நோட்டைப் பதிவுத் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். பதினோராம் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருப்பது நான். தவறாக இருந்தால் அழித்துத் திருத்து. கடைசிப் பக்கத்தில் 'மாங்குளம் போக வேண்டும்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். நெடுஞ்செழியன் பெயர் வெட்டிய குகை, 1882இல் ராபர்ட் சிவெல் கண்டது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து என்றெல்லாம் குறித்தும் வைத்திருக்கிறாய். எங்கள் குழு பங்குனியில் அங்கே போய்வந்தது. எனக்கும் சீட்டு போட்டிருந்தார்கள். காய்ச்சல் என்று சொல்லி, அந்த மலைக்கு மட்டும் நான் போகவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை.

உன் அம்மா,
பழங்காநத்தம், மதுரை